கறுப்பு மையடித்த பக்கங்கள்

கேள்வி: வீதி ஒப்பந்தக் கோப்பைத் தகவல் உரிமையில் கேட்டேன். விலைப் பட்டியலைக் கறுப்பு மையால் மறைத்துத் தந்துள்ளார்கள். நேரே வழக்குப் போடலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீதிமன்றம் கடைசிப் படி. பிரதி கிடைத்து 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை விசாரிக்கும் "குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு" மேன்முறையீடு செய்யுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: அலுவலகத்துக்கு நடந்து நடந்தே தவணை போய்விடும். திகதிக்குச் சான்றாகத் தபால் முத்திரையுள்ள உறையை எறியாதீர்கள்.

"தகவலை மறைத்துவிட்டார்கள்" என்று மொட்டையாக எழுதவேண்டாம். "பக்கம் 7, நான்காம் நிரல், அலகு விலை" என ஒவ்வொரு கறுப்புக்கும் இலக்கமிட்டு, எவற்றை மறுக்கலாம் எனச் சொல்லும் 5ஆம் பிரிவின் எந்த உட்பிரிவின்படி மறைத்தார்கள் என்று கேளுங்கள். மறுப்புக்குக் காரணம் சொல்ல 28ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. விலக்குள்ள பகுதியை மட்டும் நீக்கி மிச்சத்தைத் தரச் சொல்வது 6ஆம் பிரிவு. வணிக இரகசியம் என்றால், பொதுநலன் மேலோங்கினால் தகவலை மறுக்கக்கூடாது என்னும் 5(4)ஐ முன்வையுங்கள். பொதுப்பணத்தில் போட்ட வீதியின் விலை மக்களுக்குத் தெரியத்தான் வேண்டும். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு இலக்கங்களுக்காக மல்லுக்கட்டாதீர்கள். அவை மறைக்க வேண்டியவையே.

மூன்று வாரத்தில் தீர்வில்லையேல், இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அங்கே, மறைத்தது சரியே என்று எண்பிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஆணைக்குழுவின் முடிவும் பாதகமானால், ஒரு மாதத்துக்குள் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம். அதற்குச் சட்டத்தரணியை முன்கூட்டியே பிடியுங்கள்.