இருட்டினால் தடுமாறும் பிள்ளை: கண் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. விளக்கு வைக்கிற நேரமானால் தடுமாறுகிறான். கரண்ட் போனால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே மாட்டான், வழியில் இருக்கிற தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடாத நாள் இல்லை. மாலைக்கண் என்று முருங்கைக்கீரை, ஈரல் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டோம். ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது, கண்ணாடி போதும் என்றார். இன்னொருவர் முதலில் எடையைக் குறையுங்கள் என்கிறார், பையன் கொஞ்சம் குண்டுதான். பிறந்தபோது இரண்டு கையிலும் ஆறு விரல் இருந்தது, நூல் கட்டி எடுத்துவிட்டோம். இதற்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை, சும்மா எழுதினேன்.
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: நல்லவேளை எழுதினீர்கள் அம்மா. சம்பந்தம் இருக்கலாம். ஆறாவது விரலை அதிர்ஷ்டம் என்பார்கள், இல்லையென்றால் நூல் கட்டி எடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். சுண்டுவிரல் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சும், அதைக் கண் டாக்டர் பார்ப்பதுமில்லை, கேட்பதுமில்லை. இருட்டில் தடுமாற்றம், சின்ன வயதிலேயே ஏறிய எடை, கூடுதல் விரல், இந்த மூன்றும் ஒரே பிள்ளையிடம் இருந்தால் பார்டெட்-பீடில் என்கிற அரிய மரபணுக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, சோதித்துத்தான் ஆகவேண்டும்.

உண்மையான வைட்டமின் ஏ குறைவாக இருந்தால் மருந்து கொடுத்த சில நாட்களிலேயே இரவுப் பார்வை தேறத் தொடங்கும். இது அப்படித் தேறாது. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இழை போன்ற ஒரு குறுகிய கழுத்து உண்டு, தேவையான புரதமெல்லாம் அந்த வழியாகத்தான் மேலே போகவேண்டும், அங்கே சுமை தூக்கும் கூலியாட்கள் வேலைக்கு வராத மாதிரி ஆகிவிடுகிறது. அதே இழை போன்ற அமைப்பு சிறுநீரகத்திலும், பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியிலும், கருவில் விரல் உருவாகும் இடத்திலும் இருப்பதால்தான் இத்தனை தொல்லையும் சேர்ந்து வருகிறது. ஆகவே 'தின்று தின்று குண்டாகிவிட்டான்' என்று பையனைத் திட்டாதீர்கள், அவனுடைய பசியே வேறு மாதிரி.

ஆரம்பத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் விழித்திரை கிட்டத்தட்ட நன்றாகத்தான் தெரியும். அந்த டாக்டர் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் அது போதாது. ஈ.ஆர்.ஜி. என்று ஒரு சோதனை இருக்கிறது. பிள்ளையை அரை மணி நேரம் போல இருட்டறையில் உட்காரவைத்து, அப்புறம் வெளிச்சத்தைப் பளிச் பளிச்சென்று காட்டி விழித்திரை எழுப்பும் மின்சாரத்தை அளப்பார்கள். விழித்திரையைப் பார்த்துத் தெரியாதது இதில் தெரிந்துவிடும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் மரபணு ஆலோசனையும் கிடைக்கும். பிள்ளைக்குக் கிட்டப்பார்வையும் இருக்கலாம், அதற்குக் கண்ணாடி போடுங்கள், இருட்டுப் பிரச்சினை அதனால் தீராது.

இன்னொன்று, கண்ணைவிட அவசரமானது. ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறானா, அடிக்கடி சிறுநீர் போகிறானா என்று கவனியுங்கள். இந்தக் கோளாறில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் சிறுநீரகத்தால்தான். ரத்த அழுத்தம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை, வயிற்று ஸ்கேன் மூன்றையும் கண் சோதனைக்குக் காத்திராமல் இப்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மூத்த மகளுக்கு பார்டெட்-பீடில் என்று உறுதியாகிவிட்டது. நான் அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் என் மனைவி பக்கத்துக் குறை என்கிறார்கள். அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
- வாசகர், தேனி

பதில்: உங்கள் மனைவி பக்கம் என்றால் உங்கள் சொந்த அக்கா வீடுதானே! குறை சொல்கிறவர்கள் அதை யோசித்தார்களா? இந்த நோய் வரவேண்டுமென்றால் பழுதான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு வந்து சேரவேண்டும். ஒன்று மட்டும் இருக்கிறவருக்கு எந்தக் கோளாறும் இருக்காது, நீங்களும் உங்கள் மனைவியும் அப்படித்தான். அது அனேகமாக உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்து, உங்களுக்கு ஒரு வழியாகவும் அக்கா மூலமாக மனைவிக்கு இன்னொரு வழியாகவும் வந்திருக்கும்.

சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இது வரும், ஆனால் நெருங்கிய சொந்தத்துக்குள் திருமணம் நடக்கிற சமூகங்களில் வாய்ப்பு கூடுகிறது. ஐரோப்பாவில் சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கு ஒருவர் என்றால், குவைத்தின் பெதூயின் என்ற அரபுப் பழங்குடி மக்களிடையே ஏறக்குறைய 13,500 பேருக்கே ஒருவர்.

ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் அதே நான்கில் ஒன்றுதான். பார்டெட்-பீடிலுக்குக் காரணமான மரபணுக்கள் 20-க்கும் மேல், அதனால் மகளுக்கு எது பழுது என்று முதலில் ரத்தத்தில் கண்டுபிடிக்கவேண்டும். அது தெரிந்தால் அடுத்த கர்ப்பத்தில் மூன்றாம் மாத வாக்கிலேயே கருவைச் சோதிக்க முடியும். ஆகவே கர்ப்பமான பிறகு ஓடுவதைவிட இப்போதே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். பார்டெட்-பீடில் உள்ள மாணவி என் வகுப்பில் இருக்கிறாள். முதல் பெஞ்சில் உட்காரவைத்தும் போர்டு தெரியவில்லை என்கிறாள், ஆனால் கீழே விழுந்த ஊசியை எடுத்துவிடுகிறாள். நடிக்கிறாளோ?
- வாசகி, திருச்சி

பதில்: நடிப்பு இல்லை டீச்சர். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிவருகிறது. நேரே குனிந்து பார்த்தால் ஊசி தெரியும், பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியமாட்டார். வெளிச்சத்தில் கண் கூச்சமும் இருக்கும், ஜன்னலைப் பார்த்தபடி உட்காரவைத்தால் போர்டு முழுக்க வெள்ளையாகிவிடும். வெளிச்சம் அவள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும். நோட்டில் தடித்த கறுப்புப் பேனா, வெளியே போகும்போது முன்விளிம்புள்ள தொப்பி. சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் விளையாட்டுப் பயிற்சி வேண்டாம்.

பலருக்குப் பதினைந்து, பதினாறு வயதை ஒட்டிப் பார்வை மிகவும் குறைந்துவிடுகிறது. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் பெற்றோரிடம் இதை மறைப்பதால் வீணாவது அவளுடைய வருஷங்கள். பிரெயில், கைக்கோல், திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் எல்லாம் பார்வை மிச்சமிருக்கும்போதே பழகவேண்டும். பாடத்தை மெதுவாகப் பிடிக்கக்கூடும், அதுவும் இந்தக் கோளாறின் ஒரு பங்கு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் குறைபார்வையும் சேர்ந்திருக்கிறது. பொதுத்தேர்வுக்கு முன்னாலேயே சான்றிதழ் வாங்கிவிட்டால் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதும் ஆளும் கேட்கலாம்.

கேள்வி: பார்டெட்-பீடில் வந்தவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு ஊசி போட்டால் பார்வை திரும்பிவிடுமாமே? கடன் வாங்கியாவது போடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வாங்காதீர்கள். 2017-இல் அங்கே அனுமதி பெற்ற லக்ஸ்டர்னா என்கிற மரபணு ஊசி, ஆர்.பி.இ.65 என்ற ஒரே ஒரு மரபணு பழுதானவர்களுக்கு மட்டும்தான், பார்டெட்-பீடிலுக்கு அது வேலைக்கு ஆகாது. 2022-இல் பார்டெட்-பீடிலுக்கும் அனுமதித்த செட்மெலனோடைட் ஊசி பசியையும் எடையையும் குறைக்கத்தான், கண்ணுக்கு ஒன்றும் செய்யாது. ஸ்டெம் செல் போட்டுச் சரிசெய்கிறோம் என்று பணம் கேட்கிறவர்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

கேள்வி: எந்நேரமும் செல்போன் பார்த்ததால்தான் பிள்ளைக்குப் பார்டெட்-பீடில் வந்தது என்கிறார் என் மாமியார். நிஜமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. போனைப் பிடுங்கவும் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும்படி மாற்றிக் கொடுங்கள், படித்துக்காட்டும் வசதியையும் இப்போதே பழக்கிவிடுங்கள்.