கேளுங்கள்: மின்சாரக் கணக்கு

கேள்வி: 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப் போட்டால் மின்தடை 882 ஓம் வருகிறது. மல்டிமீட்டரோ 65 ஓம்தான் காட்டுகிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டரும் சரி, கணக்கும் சரி. வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்து (52,900 ÷ 60) நீங்கள் கண்ட 882 ஓம், பல்பு எரியும்போது உள்ள மின்தடை. மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை. டங்ஸ்டன் வெண்சூடாகும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடும். சுவிட்சைப் போட்ட கணத்தில் 230 ÷ 65, அதாவது சுமார் 3.5 ஆம்பியர் பாயும். எரியத் தொடங்கியதும் 0.26தான். பழைய பல்பு சுவிட்ச் போடும்போதே ‘டப்’பென்று போவது இதனால்தான்.

எரியும் பல்பை ஓம் அளவில் வைத்து அளக்காதீர்கள், மீட்டர் போய்விடும். வோல்ட்டைப் பல்பின் இரு முனைகளிலும், ஆம்பியரை மீட்டரைத் தொடராக இணைத்தும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். வீட்டு மின்சாரத்தில் வேண்டாம், 12 வோல்ட் பேட்டரியும் கார் பல்பும் போதும். ஆம்பியர் அளந்தபின் சிவப்புக் கம்பியைப் பழைய துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்து வோல்ட் அளக்கப் போனால் நேரே ஷார்ட் சர்க்யூட், பியூஸ் போகும்.

கேள்வி: 12 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடிக்கு எத்தனை ஓம் ரெசிஸ்டர் (மின்தடையம்) போட வேண்டும்?

பதில்: எல்இடி எடுப்பது 2 வோல்ட். மீதி 10 வோல்ட்டை, எல்இடியில் பாய வேண்டிய 0.02 ஆம்பியரால் வகுத்தால் 500 ஓம். எளிதில் கிடைப்பது 560. ஒளி சற்றே குறையும், அவ்வளவுதான். அதில் 0.18 வாட் வெப்பமாகும். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் நன்றாகச் சுடும். அரை வாட் போடுங்கள்.