தள்ளுதற்சீட்டும் ஒரு பழைய ஊகமும்

அன்புள்ள ஐயா,

கணவன் சம்மதிக்காததால் விவாகரத்து கிடைக்காமல் நிற்கும் யூதப் பெண்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு சந்தேகம். சட்டம் கடவுள் தந்தது என்கிறார்கள், ஆனால் ரப்பிகளின் (யூத மதகுருக்களின்) தீர்ப்பு காலத்துக்குக் காலம் மாறுகிறதே? ஊர் மாறியதைப் பார்த்து வளைந்துகொடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வளைகிறார்கள், சரி. எந்தப் பக்கம் என்றும் பார்க்க வேண்டும்.

பைபிளின் உபாகமம் 24இன்படி, கணவன் தள்ளுதற்சீட்டு எழுதி மனைவி கையில் கொடுக்க வேண்டும். அதுதான் கெட். அவன் மனமொப்பிக் கொடுத்தால்தான் உண்டு, நீதிமன்றம் தானாக மணத்தை முறித்துவிட முடியாது. கொடுக்காவிட்டால் அவள் அகுனா, கட்டப்பட்டவள்.

7ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய ரப்பிகள், 'இவனோடு வாழப் பிடிக்கவில்லை' என்று மனைவி சொன்னாலே கணவனைக் கட்டாயப்படுத்திச் சம்மதிக்கவைத்து கெட் வாங்கித் தந்தார்கள். காத்திருக்கச் சொன்னால் பெண்கள் பிற மதத்தாரின் உதவியைத் தேடிப் போய்விடுகிறார்கள் என்ற பயம். 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸும், வெறுப்பவனோடு படுக்க அவள் ஒன்றும் போர்க்கைதி அல்ல என்று எழுதினார். ஆனால் ஜெர்மனியிலிருந்து ஸ்பெயினின் டோலிடோவுக்குக் குடிபெயர்ந்த ரப்பி ஆஷெர் பென் யெஹியேல் (ரோஷ் என்பார்கள்) இதை மறுத்தார். அந்த ஏற்பாடு அந்தக் காலத்துக்கு, இந்தத் தலைமுறைப் பெண்களோ கர்வம் பிடித்தவர்கள், இப்படி விட்டால் ஒருத்தியும் புருஷனோடு இருக்கமாட்டாள் என்பது அவர் வாதம்! அவரும் காலம் மாறியதைத்தான் காரணம் காட்டினார், கதவைச் சாத்துவதற்காக.

சரி, நம் காலத்துக்கு வருவோம். யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்முட்டில், ரேஷ் லாகிஷ் என்ற ரப்பியின் பெயரில் ஒரு வாக்கு உண்டு: விதவையாகத் தனித்திருப்பதைவிட இருவராக இருப்பது மேல் என்றே பெண் நினைப்பாள். இது கட்டளை அல்ல, பெண்மனம் இப்படித்தான் என்ற ஊகம். ஆனால் இதை வைத்துத்தான், 'அவனுக்கு இப்படி ஒரு குறை உண்டு என்று தெரிந்திருந்தால் கட்டியிருக்கவே மாட்டேன், ஆகவே அந்த மணமே செல்லாது' என்ற வாதத்தை ரப்பிகள் தள்ளுபடி செய்துவந்தார்கள். சொந்தச் சம்பளத்தில் வாழும் இன்றைய பெண்ணுக்கு இந்த ஊகம் பொருந்தாது என்றார் அமெரிக்க ரப்பி எமானுவேல் ராக்மன். 1975இல் இன்னொரு அமெரிக்க ரப்பியான ஜோசப் சொலவெய்ச்சிக் கடுமையாக மறுத்தார். அது அன்றைய பொருளாதாரத்தில் பிறந்த ஊகம் அல்ல, பெண்ணின் இயல்பே அது, ஏவாளுக்குச் சொல்லப்பட்ட "உன் ஆசை உன் புருஷனைப் பற்றியிருக்கும்" என்பதோடு சேர்ந்தது என்றார். அவ்வளவு பெரிய அறிஞர், இந்த இடத்தில் மட்டும் தன் காலத்துப் பெண்களிடம் கேட்டுப் பார்க்கவே இல்லையோ என்று எனக்குத் தோன்றும்.

இங்கே யாரும் சட்டத்தை மாற்றுகிறோம் என்று சொல்வதில்லை. அந்தச் சட்டம் யாரைப் பற்றிப் பேசுகிறதோ, அவள் மாறிவிட்டாளா என்பதில்தான் சண்டை.

1990களில் ராக்மன் தனி நீதிமன்றமே அமைத்துப் பல மணங்களைச் செல்லாதவை என்று அறிவித்தார். பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் (மரபுவழி) ரப்பிகள் ஏற்கவில்லை. அதனால் அங்கே விடுதலை பெற்ற பெண் ஒரு ரப்பி கண்ணில் மறுமணம் செய்யத் தடையற்றவள், அடுத்த தெரு ரப்பி கண்ணில் இன்னும் பழைய கணவனின் மனைவி. இரண்டாம் மணத்தில் பிறக்கும் அவள் பிள்ளைகள் அந்த இரண்டாவது ரப்பிக்கு மம்சேர், அதாவது பிற யூதர்கள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாதவர்கள்.