நீல மெழுகு போட்டும் ஸ்கீ பின்னால் வழுக்குகிறதா?

ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகையின் அடியில் பிடிமானத்துக்காகத் தடவும் அந்த மெழுகில் குறையில்லை, பனிதான் மாறிவிட்டது. வியாழன் மழை, வெள்ளி இரவு உறைவு, சனி காலை ஆஸ்லோவின் சோங்ன்ஸ்வான் ஏரியிலிருந்து கிளம்பினேன் என்கிறீர்கள். நனைந்து மறுபடி உறைந்த பனி கரடுமுரடான மணிகளாகிவிடும். நீல மெழுகு புதுப்பனிக்கானது. இதில் பிடிக்காது, பிடித்தாலும் சீக்கிரம் தேய்ந்துபோகும். இதற்குக் கிளிஸ்டர் என்ற பசை மாதிரியான மெழுகுதான் சரி. ஆனால் அது பலாப்பால் மாதிரி கை, பை, கையுறை என்று எல்லாவற்றிலும் ஒட்டும். வீட்டுக்குள் வைத்து மெல்லிசாகத் தடவி, வெளியே ஆறவைத்த பிறகே பனியில் வையுங்கள்.

அடிக்கடி போகிறவர் என்றால், அடியில் மயிர்ப்பட்டை (பின்னால் வழுக்காமல் பிடிக்கும் குட்டை மயிர்ப் பட்டை) ஒட்டிய, மெழுகு தேவைப்படாத ஸ்கீ வாங்கிவிடுங்கள். நான் அப்படித்தான் தப்பித்தேன்.

அப்புறம் இடம். சோங்ன்ஸ்வான் கடல்மட்டத்திலிருந்து சுமார் 180 மீட்டர்தான். முதலாம் எண் மெட்ரோவில் புரோங்னெர்செத்தெரென் போனால் 469 மீட்டர். கீழே மழை பெய்யும்போது மேலே பனியாக விழ வாய்ப்புண்டு. (காற்றே இல்லாத கடுங்குளிரில் கதை தலைகீழ்: பள்ளத்தில்தான் குளிர் அதிகம்.)

கிளம்புமுன் நார்வேயின் ஸ்கீ பாதைகளைக் காட்டும் ஸ்கிஸ்பூரெட் இணைய வரைபடத்தைப் பாருங்கள். பனியைச் சீராக்கி ஸ்கீத் தடம் போடும் இயந்திரம் எப்போது ஓடியது என்பதைப் பாதையின் நிறம் காட்டும். உறைந்தபின் ஓடாத பாதை என்றால் தடங்கள் இரும்புக் குழாய் மாதிரி இருக்கும். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கவே முடியாது. அந்த மாதிரி இடத்தில் ஸ்கீயைக் கழற்றி ஓரமாக நடந்து இறங்குங்கள், வெட்கமே வேண்டாம். மார்ச் மாதம்தானே, பதினொரு மணிக்குமேல் போனால் வெயில் மேற்பரப்பைக் கொஞ்சம் இளக்கியிருக்கும்.