வாசகர் கேள்வி – பதில்: ஜார் கோப்பை இயக்க ஒரு சிறு துவக்கி நிரல்

கேள்வி: நான் ஜாவாவில் எழுதிய நிரலை ஒரே ஜார் கோப்பாகப் பிறருக்குக் கொடுத்து வருகிறேன். அதை இருமுறை சொடுக்கினால் சிலருடைய கணினியில் நிரல் திறக்கிறது. சிலருக்குச் சுருக்கக் கோப்பாக விரிகிறது. வேறு சிலருக்கு எதுவுமே நடப்பதில்லை. ஆகவே இந்தக் கோப்பை இயக்குவதற்கென்றே சி மொழியில் சிறிய துவக்கி ஒன்றை எழுத விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: ஜார் என்பது உள்ளே ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பை (எந்த வகுப்பிலிருந்து தொடங்குவது போன்ற விவரங்கள் கொண்ட உரைக் கோப்பை) தாங்கிய ஜிப் கோப்புதான், அதைத் தானாகவே இயக்கும் திறன் இயங்குதளத்துக்குக் கிடையாது. ஜார் என்னும் கோப்புப் பின்னொட்டு எந்த நிரலோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்த நிரல் கோப்பைத் திறக்கும். சுருக்க மென்பொருள் ஒன்று அந்த இணைப்பைத் தன்வசம் எடுத்துக்கொண்டிருந்தால் கோப்பு விரியும். ஜாவா சரியாக இணைக்கப்பட்டிருந்தாலும், விண்டோஸில் இதற்குப் பயன்படும் ஜாவாடபிள்யூ நிரலுக்குக் கன்சோல் சாளரம் இல்லாததால், தொடக்கத்தில் நேரும் பிழையின் விவரம் பயனர் கண்ணில் படாமலே போய்விடும். எனவே துவக்கி எழுதும் எண்ணம் நல்லதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கணினியில் உள்ள ஜாவா கட்டளையைத் தேடிப் பிடித்து, ஜார் கோப்பின் பெயரையும் பயனர் கொடுத்த உள்ளீடுகளையும் சேர்த்துத் தனிச் செயலாக்கமாக ஓட விடுவது முதல் வழி. ஜாவா மெய்நிகர் இயந்திரம் (ஜாவா நிரல்களை உண்மையில் இயக்கும் பகுதி) அடங்கிய நூலகக் கோப்பை (விண்டோஸில் ஜேவிஎம்.டிஎல்எல், லினக்ஸில் லிப்ஜேவிஎம்.எஸ்ஓ) உங்கள் நிரலுக்குள்ளேயே ஏற்றி, ஜேஎன்ஐ (சி நிரலும் ஜாவாவும் ஒன்றையொன்று அழைக்க உதவும் இடைமுகம்) வழியாக அதை இயக்குவது இரண்டாவது வழி. முதலில் எழுதுவோர் முதல் வழியிலேயே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. லினக்ஸிலும் மேக்கிலும் எக்ஸெக்வி அழைப்பு உங்கள் செயலாக்கத்தை அப்படியே ஜாவாவாக மாற்றிவிடுவதால், செயலாக்க எண் மாறாது. சிக்னல்களும் (இயங்குதளம் அனுப்பும் அறிவிப்புகள்) வெளியேறும் குறியீடும் (முடியும்போது நிரல் திருப்பித் தரும் எண்) எந்த ஏற்பாடும் இல்லாமல் சரியாகவே சென்று சேரும். விண்டோஸில் அந்த வசதி இல்லை. அங்கே கிரியேட்பிராசஸ் மூலம் புதிய செயலாக்கத்தைத் தொடங்கி, அது முடியும்வரை காத்திருந்து, அதன் வெளியேறும் குறியீட்டை வாங்கி உங்கள் குறியீடாகத் திருப்பித் தர வேண்டும். துவக்கியைப் பயனர் பாதியில் நிறுத்தினால் ஜாவா மட்டும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்காமல் இருக்க, இரண்டையும் ஒரே ஜாப் ஆப்ஜெக்டில் (செயலாக்கங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சேர்த்து, அது மூடப்பட்டால் உள்ளிருப்பவையும் நிற்கும்படி அமைத்துவிடுங்கள்.

விண்டோஸில் கட்டளை வரி முழுவதும் ஒரே சரமாகச் செல்கிறது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். இடைவெளி உள்ள பாதையை மேற்கோள் குறிக்குள் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பாதை பின்சாய்வுக் கோட்டில் முடிந்தால், அந்தக் கோடும் அதை அடுத்து வரும் மேற்கோள் குறியும் சேர்ந்து, மேற்கோள் குறி என்னும் எழுத்தாகவே படிக்கப்படும். அதன் பின் வரும் உள்ளீடுகள் யாவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேற்கோள் குறிக்கு முன்னால் வரும் பின்சாய்வுக் கோடுகள் ஒவ்வொன்றையும் இரட்டிப்பதே இதற்கான விதி.

உண்மையில், ஜாவாவை ஓட விடுவது சில வரி வேலை. அதைக் கண்டுபிடிப்பதும், கிடைக்காதபோது அதைப் பயனருக்குப் புரியும்படி சொல்வதும்தான் துவக்கியின் பெரும்பகுதி. துவக்கிக்குப் பக்கத்தில் நீங்களே வைத்தனுப்பிய இயங்குச் சூழல் இருந்தால் அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஜாவா_ஹோம் சூழல் மாறி (ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் அமைப்பு), அதன் பின் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி (அமைப்புகளின் பதிவேடு), கடைசியாக பாத் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) என்று தேடுங்கள். 'பக்கத்தில்' என்பதை நடப்புக் கோப்புறை என்று கொள்ளக் கூடாது. குறுக்குவழி ஒன்றிலிருந்து திறந்தால் நடப்புக் கோப்புறை வேறெங்கோ இருக்கலாம். தன் சொந்த இடத்தை அறிய விண்டோஸில் கெட்மாட்யூல்ஃபைல்நேம் அழைப்பும், லினக்ஸில் ப்ராக் கோப்பமைப்பில் உள்ள செல்ஃப் கோப்புறையின் எக்ஸி என்னும் இணைப்பும் உதவும்.

கிடைத்த ஜாவா போதிய புதிதா என்று பார்க்க அதை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அதன் கோப்புறையில் ரிலீஸ் என்ற பெயரில் ஒரு சிறு உரைக் கோப்பு இருக்கும். அதில் பதிப்பு எண் எழுதப்பட்டிருக்கும். ஜாவா 17-க்குத் தொகுத்த நிரலின் வகுப்புக் கோப்புப் பதிப்பு எண் 61. அதை ஜாவா 8-இல் ஓட்டினால், அது ஏற்கும் உச்ச எண் 52 என்பதால், ஆதரிக்கப்படாத வகுப்புப் பதிப்பு என்ற நீண்ட பிழைக் குவியல்தான் வரும். அதைவிட, 'இந்த நிரலுக்கு ஜாவா 17 தேவை. இக்கணினியில் கிடைத்தது ஜாவா 8. அது இருக்கும் இடம் இது' என்று உரையாடல் பெட்டியில் ஒரு வாக்கியம் காட்டுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: நான் இரண்டாவது வழியில், அதாவது ஜேஎன்ஐ மூலம் எழுதிப் பார்த்தேன். கட்டளை வரியில் கொடுப்பது போலவே ஜார் விருப்பத்தைத் தந்தால் மெய்நிகர் இயந்திரம் தொடங்க மறுக்கிறது. வேறு வகையில் தந்து முதன்மை வகுப்பை ஒருவாறு இயக்கினால், சாளரம் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: ஜார் விருப்பத்தைப் புரிந்துகொள்வது ஜாவா கட்டளை என்னும் துவக்கிதான், மெய்நிகர் இயந்திரம் அன்று. இப்போது அந்தத் துவக்கியின் இடத்தில் நீங்கள் இருப்பதால் அதன் வேலைகள் எல்லாம் உங்கள் தலையில் விழுகின்றன. ஹைஃபனும் பெரிய டி எழுத்தும் இட்டு, ஜாவா.கிளாஸ்.பாத் என்றெழுதி, சமக்குறிக்குப் பின் ஜார் கோப்பின் பாதையைத் தாருங்கள். வகுப்புப் பாதையை (வகுப்புகளைத் தேடும் இடத்தை) குறிக்கும் சிபி என்னும் சுருக்க விருப்பமும் இங்கே செல்லாது.

அடுத்து, எந்த வகுப்பை இயக்குவது என்று மேனிஃபெஸ்ட்டைப் பார்க்க வேண்டும். அதைச் சி மொழியிலேயே படிக்க முயன்றால் இரண்டு இடையூறுகள் உண்டு. மேனிஃபெஸ்ட் பெரும்பாலும் ஜிப்புக்குள் சுருக்கப்பட்டே இருக்கும். மேலும் அதன் வரி எதுவும் 72 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதால், நீண்ட பொதிப் பெயர் கொண்ட வகுப்பு நடுவில் வெட்டப்பட்டு, அடுத்த வரி ஒற்றை இடைவெளியோடு தொடங்கும். அந்த இடைவெளியை நீக்கி இரு வரிகளையும் ஒட்ட மறந்தால் பாதிப் பெயரைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். எளிய வழி ஒன்று இருக்கிறது: ஜார் பாதையை மட்டும் கொடுத்து இயந்திரத்தைத் தொடங்கிவிட்டு, ஜாவாவின் சொந்த ஜார்ஃபைல் வகுப்பையே ஜேஎன்ஐ மூலம் அழைத்து மேனிஃபெஸ்ட்டைப் படித்துக்கொள்ளுங்கள். கிடைத்த பெயரில் புள்ளிகளைச் சாய்வுக் கோடுகளாக மாற்றிய பிறகே ஃபைண்ட்கிளாஸ் அழைப்புக்குத் தர வேண்டும்.

மேனிஃபெஸ்ட்டில் உள்ள கிளாஸ்-பாத் வரி தானாகவே மதிக்கப்படும். ஆனால் ஆட்-ஓப்பன்ஸ் (ஜாவாவின் உள்பொதிகளைத் திறந்துவிடும் வரி), தொடக்கப் படம் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டிருந்ததும் ஜாவா கட்டளைதான். அவை வேண்டுமானால் நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும்.

சாளரம் மறைவதற்குக் காரணம் வேறு. ஜாவாவில் சாளரங்களைக் கவனிப்பது தனி இழை (ஒரே செயலாக்கத்துக்குள் இணையாக ஓடும் வேலைத் தொடர்); முதன்மைச் செயற்கூறு சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். உங்கள் சி நிரலும் அத்துடன் முடிந்தால் செயலாக்கம் முழுவதும் மடியும். முடிப்பதற்கு முன் டிஸ்ட்ராய்ஜாவாவிஎம் அழைப்பை இடுங்கள். அதன் பெயர் அச்சுறுத்துவதாக இருந்தாலும், டீமன் (பின்னணி) அல்லாத இழைகள் எல்லாம் ஓய்ந்த பிறகே அது இயந்திரத்தை மூடும். அதற்கு முன்பாக விதிவிலக்கு (ஜாவா எழுப்பிய பிழை) ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை அச்சிட்டு, வெளியேறும் குறியீட்டை 1 ஆக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே செயலாக்கத்தில் இயந்திரத்தை மூடிவிட்டு மறுபடி உருவாக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். மேக்கில் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு: முதல் இழையை வரைகலை அமைப்புக்கு விட்டுவிட்டு, இயந்திரத்தை இன்னோர் இழையில் தொடங்க வேண்டும்.

கேள்வி: என் கணினியில் ஒழுங்காக ஓடும் துவக்கி, ஒரு நண்பரின் கணினியில் பிழை 193 என்றும், இன்னொருவரிடம் பிழை 126 என்றும் சொல்லி நின்றுவிடுகிறது. இருவரிடமும் ஜேவிஎம்.டிஎல்எல் கோப்பு இருக்கிறது.

பதில்: 193 என்றால் உங்கள் துவக்கியும் அந்த நூலகமும் பிட் அளவில் பொருந்தவில்லை, 32 பிட் செயலாக்கம் 64 பிட் நூலகத்தை ஏற்ற முடியாது. 64 பிட்டாகத் தொகுத்துக் கொடுங்கள். 126 சற்று ஏமாற்றும் எண். 'குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை' என்று அது சொன்னாலும், இல்லாதது ஜேவிஎம்.டிஎல்எல் அன்று, அது சார்ந்திருக்கும் மைக்ரோசாஃப்ட் சி இயக்க நூலகமே. ஜாவாவின் 'பின்' (bin) என்னும் கோப்புறையில் அந்த நூலகமும் உடன் வருகிறது, ஆனால் ஜேவிஎம்.டிஎல்எல் அதற்குள் இருக்கும் சர்வர் என்னும் உட்கோப்புறையில் இருப்பதால் விண்டோஸ் மேலே எட்டிப் பார்ப்பதில்லை. அந்த 'பின்' கோப்புறையைச் செட்டிஎல்எல்டைரக்டரி அழைப்பால் தேடுமிடமாக அறிவித்துவிட்டு ஏற்றுங்கள். உங்கள் கணினியில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், நிரல் எழுதுவோர் கணினியில் அந்த நூலகம் பெரும்பாலும் ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பதுதான்.

கேள்வி: கோப்புறையின் பெயர் தமிழில் இருந்தால் ஜார் கோப்பு கிடைக்கவில்லை என்று பிழை வருகிறது.

பதில்: விண்டோஸ் முறைமைக் குறியாக்கமாக வைத்துக்கொள்ளும் பழைய குறிப்பக்கங்களில் (எழுத்துகளை எண்களோடு பொருத்தும் அட்டவணைகளில்) தமிழுக்கு எதுவும் இல்லை, தமிழுக்கு அங்கே யூனிகோடையே நம்ப வேண்டும். ஜேஎன்ஐ விருப்பங்களோ அந்தப் பழைய குறியாக்கத்தில்தான் செல்கின்றன. ஆகவே உங்கள் பாதையில் உள்ள தமிழ் எழுத்துகள் யாவும் கேள்விக் குறிகளாக மாறிவிடுகின்றன. ஜாவா கட்டளைக்கு உள்ளீடாகத் தந்தாலும் இதே கதிதான். துவக்கி தொடங்கியவுடன், டபிள்யூ எழுத்தில் முடியும் யூனிகோடு அழைப்பைக் கொண்டு ஜார் கோப்பு இருக்கும் கோப்புறைக்கே மாறிக்கொண்டு, வெறும் கோப்புப் பெயரை மட்டும் வகுப்புப் பாதையாகக் கொடுத்தால் சிக்கல் நீங்கும். ஆனால் பயனர் தந்த கோப்புப் பெயர்களை அதற்கு முன்பே முழுப் பாதைகளாக மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அவை புதிய கோப்புறையில் தேடப்படும். அந்தப் பெயர்களிலும் தமிழ் இருக்குமானால் ஜேஎன்ஐ வழியே உதவும்: முதன்மைச் செயற்கூறுக்கான சரங்களை நியூஸ்ட்ரிங் அழைப்பால் நேரடியாக யூனிகோடில் உருவாக்கித் தரலாம். முதல் வழியை விட்டு இரண்டாவது வழிக்கு மாற இதுவே போதிய காரணம் என்பேன்.

கேள்வி: துவக்கியையும் ஜாரையும் ஒரே எக்ஸி கோப்பாக ஒட்டித் தர முடியுமா?

பதில்: முடியும். எக்ஸி கோப்பை விண்டோஸ் தொடக்கத்திலிருந்து படிக்கிறது. ஜிப்பின் அட்டவணையோ கோப்பின் இறுதியில் இருப்பதால் அது கடைசியிலிருந்து படிக்கப்படுகிறது. அதன் முடிவுப் பதிவு குறைந்தது 22 பைட். அதன் பின் 65,535 பைட் வரை குறிப்புரை இருக்கலாம். ஆகவே எக்ஸியின் வாலில் ஜாரை இணைத்துவிட்டால் ஒரே கோப்பு இருவருக்கும் செல்லுபடியாகும். ஆனால் எண்ம ஒப்பம் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் மின்னணுக் கையொப்பம்) இட நினைத்தால் வேண்டாம் என்பேன். ஒப்பமிட்ட பின் ஜாரை ஒட்டினால் ஒப்பம் கெடும். ஒட்டிய பின் ஒப்பமிட்டால் அந்த ஒப்பத் தரவு ஜிப்பின் முடிவுப் பதிவுக்கும் பின்னால் போய் அமர, ஜாவா அந்தக் கோப்பை ஜிப்பாக ஏற்க மறுக்கலாம். இரண்டையும் ஒரே கோப்புறையில் தனித்தனியாக வைத்தால் நிரலைப் புதுப்பிக்கும்போது ஜாரை மட்டும் மாற்றினால் போதும் என்ற வசதியும் கிடைக்கிறது.

கேள்வி: ஜாவா நிரலைப் பொதியாக்கித் தரும் ஜேபேக்கேஜ் கருவி இருக்கும்போது இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும்?

பதில்: பெரும்பாலோருக்குத் தேவையில்லை. 2021-இல் வந்த ஜாவா 16 முதல் அந்தக் கருவி ஜேடிகேயின் (ஜாவா நிரலாக்கக் கருவித் தொகுப்பின்) நிலையான பகுதி. துவக்கி, இயங்குச் சூழல், நிறுவி எல்லாவற்றையும் அதுவே ஆக்கித் தருகிறது. ஒவ்வோர் இயங்குதளத்துக்கான பொதியையும் அந்த இயங்குதளத்திலேயே உருவாக்க வேண்டும் என்பதும், இயங்குச் சூழலும் சேர்வதால் பொதி பெருத்துவிடும் என்பதும் அதன் சுமைகள். ஏற்கெனவே ஜாவா நிறுவப்பட்ட கணினிகளுக்குச் சிறு கோப்பாக அனுப்ப வேண்டும், அல்லது எந்த ஜாவாவைத் தேர்ந்தெடுப்பது என்பதில் உங்களுக்கெனத் தனி விதிகள் உண்டு என்றால் மட்டும் சொந்தத் துவக்கியை எழுதுங்கள்.