அம்மா நான் சமைப்பதைத் தொடுகிறாரில்லை: குளிசையைச் சொதியில் கலக்கலாமா?

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து 1997இல் வந்த குடும்பம். அம்மாவுக்கு 59 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு மனச்சிதைவு என்று சொல்லி மருந்து தொடங்கினார்கள். போன மாதம் குளிசையை நிறுத்திவிட்டார். இப்போது நான் என்ன சமைத்தாலும் ‘இதுக்குள்ள என்னவோ போட்டிருக்கிறாய்’ என்கிறார். அவித்த முட்டையும் பிரிக்காத பிஸ்கட்டும்தான் சாப்பாடு. கட்டிலுக்குக் கீழே அரிசியும் சீனியும் சேர்த்து வைக்கிறார். குளிசையைத் தூளாக்கிச் சொதியில் கலந்து கொடு என்கிறார் மாமி. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மாமி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் உணவில் என்னவோ கலக்கிறார்கள் என்று பயப்படுகிற ஒருவருக்கு நீங்கள் உண்மையிலேயே கலந்து கொடுத்தால், அந்தப் பயத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுக்கிறீர்கள். சொதி ஒருநாள் லேசாகக் கசந்தால் போதும், அதற்குப் பிறகு உங்கள் கையால் தண்ணீரும் வாங்கமாட்டார். பாதிச் சொதியை மிச்சம் விட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பதும் தெரியாது.

ஒன்டாரியோவில் சிகிச்சைக்குச் சம்மதம் வேண்டும் என்பதற்கு 1996ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சம்மதிக்கும் திறன் இப்போது அம்மாவுக்கு இல்லை என்று வைத்தியர் கண்டால், உறவினர் ஒருவர் அவருக்காக முடிவெடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. அந்த வழியில் போங்கள். மாதம் ஒரு தடவை போடுகிற ஊசி மருந்துகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். தினமும் சாப்பாட்டு மேசையில் நடக்கிற குளிசைச் சண்டை அதோடு நின்றுவிடும்.

சரி, அதுவரை எப்படிச் சாப்பிட வைப்பது? ‘பாருங்கோ, நான் சாப்பிடுறன், எனக்கு ஒன்றும் ஆகேல்லையே’ என்று நிரூபிக்கப் போகாதீர்கள். நஞ்சை முறிக்கிற மருந்து உனக்குத் தெரியும் என்பார். இந்த நம்பிக்கை வாதாடிக் கரைகிற சாமான் இல்லை. ‘பயமாக இருந்தால் சாப்பிட ஏலாதுதான் அம்மா’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படியை அவர் கையில் கொடுங்கள். புட்டு அவிக்கலாம்: பிரிக்காத மாப் பை, அவரே திறக்கட்டும். கொதிதண்ணீர் நீங்கள் விடுங்கள், குழைத்துச் சுண்டுப் பேணியால் கொத்துவது அவர். ஆவியில் அவிக்கிற நீத்துப்பெட்டியில் வைப்பதும் இறக்குவதும் அவர் கண்முன் நடக்கட்டும். ஒரே புட்டிலிருந்து இருவரும் எடுத்துச் சாப்பிடுங்கள், அவர் முதலில் எடுக்கட்டும். முழுச் சமையலையும் அவர் தலையில் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக வேலையைத் திட்டமிடும் திறனை இந்த நோய் மங்கவைக்கும். மீன்குழம்புக்குப் பேர்போன கை இன்று ஒரு தேங்காய் துருவிவிட்டு உட்கார்ந்துவிட்டால் அது சோம்பேறித்தனம் அல்ல.

கட்டிலுக்குக் கீழே இருக்கிற அரிசியை நான் நோயின் கணக்கில் சேர்க்கமாட்டேன். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்தியவர், மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்திருப்பார். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனமெல்லாம் போரால் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, கையில் எடுத்த அரிசிதான் சாப்பாடு. அப்படி வாழ்ந்தவர் இரண்டு மூட்டை சேர்த்து வைப்பதில் என்ன வியப்பு? மகள் நஞ்சு வைக்கிறாள் என்பது நோய், அரிசி சேர்ப்பது அனுபவம். இரண்டையும் ஒன்றாக்கி மூட்டையைத் தூக்கி எறிந்தால் அவர் பயம் கூடும். வண்டு பிடிக்காத மூடிபோட்ட வாளி வாங்கிக் கொடுங்கள். அப்புறம், நல்லாக இருக்கும் வேளையில் அந்தக் காலத்தில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முகம் இறுகினால் அதோடு விட்டுவிடுங்கள்.

வைத்தியரிடம் கேட்க இன்னொன்று: அம்மாவுக்குச் சுவை உண்மையிலேயே மாறியிருக்கிறதா? சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் வாயில் உலோகச் சுவை தரலாம். பல், ஈறு கோளாறும் அப்படித்தான். அந்தக் கசப்புத்தான் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறதோ என்னவோ. மருந்து மறுபடி தொடங்கும்போது அதன் பெயரையும் கேளுங்கள். ஒலான்சபைன் என்றால் பசியும் எடையும் இரத்தச் சீனியும் ஏறலாம். லுராசிடோன் என்றால் குறைந்தது 350 கலோரி உணவோடு எடுக்கவேண்டும், வெறும் தேத்தண்ணீரோடு விழுங்கினால் சரியாக உறிஞ்சாது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிப்பவரென்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தண்ணீரும் குடிக்காமல் ஒரு நாள் போனால், எழும்பும்போது மயங்கினால், யாரையாவது தாக்கப் போனால் காத்திருக்காமல் 911ஐ அழையுங்கள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் வீட்டில் திடீரென்று வயிறு நிறையக் கொடுப்பதும் ஆபத்து. இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற தாதுச்சத்து சடுதியாக இறங்கலாம். அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ஆபத்து இருந்தும் வரவே மறுத்தால் சமாதான நீதவானிடம் இரண்டாம் இலக்கப் படிவத்துக்கு (Form 2) விண்ணப்பிக்கலாம். அந்த உத்தரவு ஏழு நாள் செல்லும். அதைக்கொண்டு பொலிஸார் அவரை வைத்தியப் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம்.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். அம்மா சந்தேகிப்பது உங்களைத்தான். நீங்களே அவருக்காக ஆங்கிலத்தில் பேசினால் அவர் வாயைத் திறக்கமாட்டார். குளிசை நின்ற திகதி, கடைசியாகச் சோறு சாப்பிட்ட நாள், எடை, வேறு மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தாதியிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.