பொறி எங்கே தொலைகிறது? பழைய கார்களின் இக்னிஷன் பழுதுகள் குறித்துக் கேள்வி பதில்

வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வண்டிகளின் மின் வேலை பார்த்து வருகிறேன். பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மூடித் திறக்கும் சிறு சுவிட்ச்), கண்டென்சர் (அந்தச் சுவிட்சில் பொறி பறக்காமல் காப்பது), காயில் (பேட்டரி மின்சாரத்தைப் பொறிக்கான உயர் மின்னழுத்தமாக மாற்றும் சுருள்) ஆகியவற்றை நம்பி ஓடும் பழைய பெட்ரோல் கார்களை இன்றும் வைத்திருக்கும் வடசென்னை அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதலில் ஒரு வேண்டுகோள். வண்டி நின்றுபோனால், அது நின்ற அந்த நிமிடத்திலேயே பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். குளிர்ந்து மீண்டும் ஓடத் தொடங்கிவிட்ட வண்டியைத் திறந்து பார்த்துப் பழுதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

கேள்வி (இராயபுரம்): ஐயா, என்னிடம் 1989-ஆம் ஆண்டு அம்பாசிடர் பெட்ரோல் கார் இருக்கிறது. காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்தால் நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. ஒரு மெக்கானிக் பெட்ரோல் பம்ப் என்கிறார், மற்றொருவர் காயில் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்புண்டு என்பதுதான் இந்தப் பழுதின் சிக்கல். வெப்பத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்ப் தள்ள முடியாமல் போனாலும் வண்டி இப்படித்தான் நிற்கும். காயிலுக்குள் இருக்கும் மெல்லிய செம்புச் சுருளின் காப்பு, சூட்டில் பலவீனமாகி உள்ளுக்குள்ளேயே கசியத் தொடங்கினாலும் இப்படித்தான் நிற்கும். கண்டென்சரும் சூடானபின் செயலிழப்பது உண்டு. ஊகத்தால் இவற்றைப் பிரிக்க முடியாது, பொறியைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

டிக்கியில் ஒரு நல்ல பழைய பிளக்கையும் ஒரு கிளிப் வயரையும் எப்போதும் வைத்திருங்கள். வண்டி நின்றவுடன் டிஸ்ட்ரிபியூட்டர் (காயிலின் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாகப் பிரித்தனுப்பும் பாகம்) மூடியின் நடுவிலிருக்கும் தடித்த வயரைக் கழற்றி அந்தப் பிளக்கில் மாட்டி, பிளக்கின் உடலை என்ஜினின் வெற்று இரும்போடு கிளிப்பால் இணைத்துவிட்டு, உடன் இருப்பவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பட்டுப் பட்டென்று ஓசையோடு நீல நிறப் பொறி வந்தால் காயிலும் பாயிண்டும் கண்டென்சரும் வேலை செய்கின்றன என்று பொருள். அப்போது பெட்ரோல் பக்கம் போகலாம். பொறி மஞ்சளாக, நூல் போல மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ பம்பைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, உங்கள் காயில் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். இரு வகைக் காயில்கள் சந்தையில் உள்ளன. நேரடியாக 12 வோல்ட்டில் ஓடுவதன் முதன்மைச் சுருள் ஏறத்தாழ 3 ஓம் இருக்கும். தனி ரெசிஸ்டரோடு சேர்த்து மாட்ட வேண்டியது ஏறத்தாழ 1.5 ஓம்தான் இருக்கும். கடையில் கிடைத்தது என்று இரண்டாவது வகையை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டிவிட்டால், 4 ஆம்பியர் பாய வேண்டிய இடத்தில் 8 ஆம்பியருக்கு மேல் பாய்ந்து, காயில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், பாயிண்டும் கருகும். சரியாக அரை மணி நேரத்தில் நின்றுவிடும் வண்டிகளில் இந்தக் காரணத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காயிலின் இரண்டு சிறு முனைகளையும் விடுவித்து மல்ட்டிமீட்டரால் அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி (காசிமேடு): அண்ணா, என் பிரீமியர் பத்மினிக்கு ஓராண்டில் காயில், பாயிண்ட், பிளக், வயர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் பத்து நாள் நன்றாக ஓடுகிறது, பிறகு பழையபடி காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. இனி எதை மாற்றுவது?

பதில்: இனி எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் துறைமுகத்தின் பக்கத்திலேயே குடியிருக்கிறீர்கள். அங்கே வீசும் உப்புக் காற்று பானெட்டுக்கு அடியில் உள்ள ஒவ்வொரு திருகிலும் முனையிலும் வெண்மையும் பச்சையுமான ஒரு பூஞ்சையைப் போலப் படிகிறது. புதிய பாகம் மாட்டும்போது மெக்கானிக் அந்த முனையைத் தற்செயலாகச் சுரண்டிவிடுவதால் பத்து நாள் ஓடுகிறது. உப்பு மீண்டும் படிந்ததும் பழுது திரும்பி வருகிறது. பாகம் நல்லதாக இருந்தும் வழி அடைபட்டிருக்கிறது என்பதே என் கணிப்பு.

இதைச் சோதிக்க மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள், அதன் கிளாம்பில் வைக்க வேண்டாம். சிவப்பு முனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் வையுங்கள். பழைய லூகாஸ் வகைக் காயில்களில் அந்த முனைக்கு ‘சி.பி.’ என்றும், சாவியிலிருந்து மின்சாரம் வரும் முனைக்கு ‘எஸ்.டபிள்யூ.’ என்றும் பொறித்திருப்பார்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டால் மீட்டர் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அதற்கு மேல் காட்டினால் பாயிண்டின் முகம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எர்த் வயர், என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை, பேட்டரி கிளாம்ப் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று மின்சாரத்தைத் தடுக்கிறது. சிவப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தால், அளவு சட்டென்று குறையும் இடத்துக்கு முந்தைய இணைப்புதான் குற்றவாளி. பாயிண்ட் மூடியிருக்கும்போது சாவியை ஒரு நிமிடத்துக்கு மேல் போட்டு வைக்காதீர்கள், காயில் சூடாகிவிடும்.

கண்டுபிடித்த இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முடித்தபின் மேலே வாசலின் தடவுங்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலோரம் வண்டி நிறுத்துபவர்கள் இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது.

கேள்வி (வியாசர்பாடி): கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தபோது என் 1997 மாருதி 800 காரை உள்ளே இறக்கிவிட்டேன். பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து வெயிலில் வைத்திருக்கிறேன். செல்ஃப் அடிக்கலாமா?

பதில்: ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்காமல் அடிக்கவே கூடாது. ஃபில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கக்கூடும். தண்ணீர் அமுங்காது என்பதால், செல்ஃப் அடித்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக் மூன்றையும் கழற்றிவிட்டு, பெட்ரோல் ஆவியில் பொறி படாதபடி காயிலின் மின் இணைப்பையும் எடுத்துவிட்டுச் சுற்றினால், தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியாக வெளியேறும்.

ஃபில்டர் உலர்ந்திருந்தால் கவலை குறைவு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உட்புறத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். துடைத்த பின் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியதைப் போல, ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்கோ, மூடியின் விளிம்புக்கோ மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால், பொறி அந்த ஈரத்தில் வழி கண்டு பிளாஸ்டிக்கைக் கருக்கிவிட்டது என்று பொருள். அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும். சுரண்டினால் ஓரிரு நாள் ஓடும், அதன்பின் அதே தடத்தில் பொறி மறுபடியும் ஓடும். எனவே மூடியை மாற்றிவிடுங்கள். நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சிறு கார்பன் துண்டு உள்ளே அழுத்தினால் திரும்பி வருகிறதா என்பதையும் பாருங்கள்.

வயர்களில் கசிவு இருந்தால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் என்ஜினின் பானெட்டைத் திறந்தாலே தெரியும். வயரைச் சுற்றி நீல ஒளி மினுக்கும். கையை உள்ளே விடாமல் தள்ளி நின்று பாருங்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): பாயிண்ட் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். மட்டமான பாயிண்ட்தான் காரணமா?

பதில்: பாயிண்டைக் குறை சொல்வதற்கு முன் கண்டென்சரைப் பாருங்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் முதன்மைச் சுருளில் 200 முதல் 300 வோல்ட் வரை எழுகிறது. அதை வாங்கிக்கொள்ள கண்டென்சர் இல்லாவிட்டால், பாயிண்டின் இடைவெளியிலேயே அது பொறியாகப் பாய்ந்து, ஒரு முகத்தின் உலோகத்தைப் பிய்த்து மறுமுகத்தில் ஒட்டிவிடும். நான்கு சிலிண்டர் வண்டி நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது பாயிண்ட் ஒரு நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது என்பதை நினைத்தால், ஒரு மாதத்தில் மேடு வளர்வதில் வியப்பில்லை. கண்டென்சரின் அளவு பொதுவாக 0.2 மைக்ரோஃபாரட்டை ஒட்டி இருக்கும். ஆனால் மீட்டரில் சரியான அளவு காட்டும் கண்டென்சரும் சூட்டிலும் உயர் மின்னழுத்தத்திலும் கசியக்கூடும். ஆகவே நன்றாக ஓடும் வண்டியிலிருந்து கழற்றிய ஒன்றை மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. நன்றாக வேலை செய்யும் பழைய கண்டென்சரைத் தூக்கி எறியாதீர்கள். இப்போது வரும் புதியவற்றில் சில முதல் நாளே போய்விடுவதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மேடு உள்ள பாயிண்டில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டு அளந்தால் தவறான அளவே கிடைக்கும், ஏனெனில் தகடு மேட்டின் நுனியைத்தான் தொடும். முகத்தைச் சமன் செய்த பிறகு அம்பாசிடருக்கு 0.015 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். மற்ற வண்டிகளுக்கு அந்தந்தக் கையேட்டின் அளவைப் பின்பற்றுங்கள். பாயிண்டைத் திறக்கும் கேமில் ஒரு துளி கிரீஸ் போதும். அதிகமானால் தெறித்துப் பாயிண்டின் முகத்தைக் கருக்கிவிடும்.

கேள்வி (பெரம்பூர்): நின்ற இடத்தில் என்ஜின் அழகாக ஓடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது. கார்புரேட்டரை இருமுறை சுத்தம் செய்தாகிவிட்டது.

பதில்: நான் தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், இதே பழுதோடு வந்த ஓர் அம்பாசிடருக்கு இரண்டு நாள் கார்புரேட்டரோடு போராடியிருக்கிறேன். கடைசியில் பழுது இருந்தது டிஸ்ட்ரிபியூட்டருக்குள், விரல் நீளம்கூட இல்லாத ஒரு வயரில். பாயிண்ட் பொருத்தப்பட்ட தட்டு, வேக்யூம் அட்வான்ஸ் (என்ஜினின் உறிஞ்சலால் பொறியின் நேரத்தை முன்னே நகர்த்தும் பாகம்) இழுக்கும்போதெல்லாம் சற்றே திரும்புகிறது. அதனோடு சேர்ந்து உள்ளே உள்ள சிறு வயரும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை வளைகிறது. வெளியுறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். அந்த வயரை இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்தபோது, உறை மட்டும் ரப்பரைப் போல நீண்டது. அதன்பிறகுதான் எனக்கு விளங்கியது. நின்ற இடத்தில் அறுந்த இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மிதித்தவுடன் தட்டு திரும்ப, அவை பிரிந்தன.

மூடியைக் கழற்றி, வேக்யூம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். தட்டு நகர்ந்து, நீங்கள் நாக்கால் அடைத்து வைத்திருக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் திரும்பினால் வேக்யூம் அட்வான்ஸுக்குள் உள்ள டயாஃப்ரம் என்னும் சவ்வு கிழிந்திருக்கிறது. தட்டு நகரும்போது உள்வயர் இரண்டையும், அதாவது பாயிண்டுக்குப் போவதையும் தட்டின் எர்த் வயரையும், அசைத்துப் பாருங்கள். மாற்றும்போது மிக நுண்ணிய இழைகள் கொண்ட மென்மையான வயரையே போடுங்கள். வீட்டு வயரிங்குக்கான தடித்த வயரைப் போட்டால் ஒரு மாதத்தில் மறுபடியும் அறுந்துவிடும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டாரில் விரிசல் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அதில்தான் பழுது என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

பதில்: காயிலின் தடித்த வயரைக் காப்புள்ள இடுக்கியால் பிடித்து, ரோட்டாரின் நடு உலோகத்துக்கு 5 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்துக்கொண்டு, சாவியைப் போட்டு, பாயிண்டைக் காப்புள்ள ஸ்க்ரூ டிரைவரால் திறந்து மூடுங்கள். பொறி ரோட்டாரின் மேல் பாய்ந்தால், அது ரோட்டாரைத் துளைத்துக் கீழே உள்ள தண்டில் இறங்குகிறது என்று பொருள். நல்ல ரோட்டாரில் பொறி பாயாது.

கேள்வி (தண்டையார்பேட்டை): பிளக் வயரைக் கையால் பிடித்து ஷாக் அடித்தால் பொறி இருக்கிறது என்று எங்கள் பகுதி மெக்கானிக் சோதிக்கிறார். சரியா?

பதில்: தவறு. பிளக்குக்குப் போவது 15,000 வோல்ட்டுக்கும் மேல். ஷாக்கில் உதறும் கை என்ஜின் விசிறியில் மாட்டிக்கொள்ளும், பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கோ உயிராபத்து.

கேள்வி (மாதவரம்): டைமிங் லைட் இல்லாமல் அம்பாசிடருக்கு டைமிங் (பொறி விழும் நேரம்) வைக்க முடியுமா?

பதில்: ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு வயரும் இருந்தால் போதும். பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளி, முதல் சிலிண்டர் அமுக்க நிலையில் இருக்கும்போது, புல்லியின் கோட்டைக் கையேடு சொல்லும் குறிக்கு நேராக நிறுத்துங்கள். பல்பைக் காயிலின் சி.பி. முனைக்கும் எர்த்துக்கும் இடையே இணைத்துச் சாவியைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, பல்பு அணையும்வரை திருப்பி, பிறகு ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக மிக மெதுவாகத் திருப்புங்கள். பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் இறுக்கிவிடுங்கள். பிளக் வயர்களை 1-3-4-2 என்ற சிலிண்டர் வரிசையில், ரோட்டார் சுற்றும் திசையிலேயே மாட்ட வேண்டும்.

கேள்வி (மணலி): பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் கிட் போட்டால் இந்தத் தொல்லைகள் எல்லாம் தீருமா?

பதில்: பாயிண்ட், கண்டென்சர் தொல்லைகள் தீரும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் ஆட்டம், மூடியில் கசிவு, உப்பு ஏறிய எர்த் ஆகியவை தீராது. எர்த் மோசமாக இருந்தால் கிட் விரைவில் கெடும், அதைச் சாலையோரத்தில் சரிசெய்யவும் முடியாது. ஆகவே முதலில் மேலே காசிமேட்டு அன்பருக்குச் சொன்ன மீட்டர் சோதனையை முடித்து, அளவு சரியானபின் கிட்டைப் போடுங்கள். அந்தக் கிட்டுக்கு எத்தனை ஓம் காயில் வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பாயிண்ட் தட்டைக் கண்டென்சரோடும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடும் சேர்த்துத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்துவிடுங்கள்.